தூண்டில் போடுகிற இடத்தில் சத்தம் போடுகிறவர்களை என்ன செய்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிக்கூடம் படிக்கிற காலத்தில் மூங்கில் கம்பும் தூண்டில் நரம்பும் தக்கையுமாக ஆரம்பித்தது, இன்றைக்கும் விடவில்லை. குமரி மாவட்டத்தில் குளம், சானல், ஆறு, அது கடலில் சேருகிற பொழிமுகம், கடலரிப்பைத் தடுக்கக் கடற்கரையில் கல் போட்டுக் கட்டிய தூண்டில் வளைவு என்று உட்கார இடத்துக்குப் பஞ்சமே கிடையாது. ஆனால் நாலைந்து வருடங்களாகக் கூட்டம் கூடிவிட்டது. கூடவே ஸ்பீக்கர், பாட்டில், கூச்சல், அடுத்தவன் நரம்புக்கு மேலே எறிவது எல்லாம் வந்துவிட்டது. தூண்டில் போடுகிற தம்பிமார் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். பதில்கள் என் அனுபவத்தில் இருந்து வந்தவை. சட்டம், விஞ்ஞானம் வருகிற இடங்களில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

சத்தம் போட்டால் உண்மையிலேயே மீன் ஓடிவிடுமா?

எந்தச் சத்தம் என்பதைப் பொறுத்தது. கரையில் நின்று பேசுகிற பேச்சு தண்ணீருக்குள் அவ்வளவாகப் போகாது. காற்றில் வருகிற சத்தம் நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பிவிடும், ஆயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே இறங்கும். அதனால் பக்கத்தில் இரண்டு பேர் கதை பேசிக்கொண்டிருந்தால் "மீனெல்லாம் போச்சு" என்று சண்டைக்குப் போவதில் நியாயமில்லை.

ஆனால் அதிர்வு வேறு விஷயம். கரையில் தொம்தொம் என்று ஓடுவது, படியில் கல்லைப் போடுவது, தண்ணீரில் பாட்டிலை எறிவது, வள்ளத்தின் பலகையில் எதையாவது தடாலென்று போடுவது, இதெல்லாம் மண் வழியாகவும் மரம் வழியாகவும் நேரே தண்ணீருக்குள் இறங்கிவிடும். இறங்கிய பிறகு தண்ணீரில் சத்தம் காற்றில் போவதைவிட நாலு மடங்குக்கு மேல் வேகமாகப் போகும், நொடிக்குக் கிட்டத்தட்ட 1,500 மீட்டர். மீனுக்கு உடம்பின் இரண்டு பக்கமும் செவுளில் இருந்து வால் வரைக்கும் ஒரு கோடு ஓடுகிறதே, அது இந்த மாதிரி அசைவைப் பிடிப்பதற்குத்தான் இருக்கிறது.

மீனுக்கு மீன் வித்தியாசமும் உண்டு. கெண்டை, ரோகு, கட்லா, கெளுத்தி இவற்றுக்கெல்லாம் வயிற்றில் இருக்கிற காற்றுப்பையையும் உள்காதையும் இணைக்கிற குட்டி எலும்புகள் இருக்கின்றன. காற்றுப்பை செண்டை மாதிரி அதிர்வை வாங்கும், எலும்பு அதைக் காதுக்குக் கடத்தும். அதனால் இவை நன்றாகவே கேட்கும். சிலேபிக்கு அந்த எலும்பு வசதி கிடையாது. விராலைப் பொறுத்தவரை என் அனுபவத்தில் சத்தத்தைவிட நிழல்தான் அதை விரட்டுகிறது. கரையில் எழுந்து நின்று கையை வீசினால் போதும், பாசிக்குள் போய்விடும்.

ஸ்பீக்கரை மடியில் வைத்துப் பாட்டுக் கேட்பதும், அதையே படித்துறைக் கல்லின் மேல் வைத்து முழுச் சத்தத்தில் அலறவிடுவதும் இதனால்தான் ஒன்றாகாது. இரண்டாவதில் பேஸ் அடி நேராகக் கல்லுக்குள் இறங்குகிறது.

பக்கத்தில் ஒரு கூட்டம் வந்து பாட்டுப் போட்டு ஆட்டம் போடுகிறார்கள். எப்படிச் சொல்வது?

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். நான் ஒருமுறை கெடுத்துக்கொண்டதைச் சொல்கிறேன், அதிலேயே பதில் இருக்கிறது.

நாகர்கோவிலுக்குத் தெற்கே வயலுக்கு நடுவில் ஒரு குளம். விடிகாலை ஐந்தரை மணி, பனி இன்னும் தண்ணீரை விட்டு எழும்பவில்லை. மயில் இறகுத் தண்டில் செய்த தக்கை போட்டிருந்தேன், அது மெல்ல ஒருபக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபடியும் சாய்ந்தது. கெளுத்தி அப்படித்தான் முதலில் இரையைத் தொட்டுப் பார்க்கும். அந்த நேரத்தில் இரண்டு பைக்கில் ஐந்து பையன்கள் வந்தார்கள். வண்டியை நிறுத்தும்போதே ஆக்சிலேட்டர் முறுக்கு, அப்புறம் பாட்டு, அப்புறம் குளத்தில் கல் எறிந்து யார் கல் தூரம் போகிறது என்று போட்டி. நான் ஒன்றும் சொல்லவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தொண்டையைக் கனைத்தேன். முறைத்தேன். ஒரு மணி நேரம் அப்படியே தேக்கி வைத்துவிட்டு, ஆறரை மணிக்கு என் தக்கைக்குப் பக்கத்தில் ஒரு கல் வந்து விழுந்ததும் எழுந்து நின்று கத்திவிட்டேன். என்ன வார்த்தை சொன்னேன் என்று எழுத விருப்பமில்லை. உடனே பதில் வந்தது: "குளம் என்ன உங்க அப்பன் வீட்டுச் சொத்தா?" அதற்கு மேல் பேச்சு தடித்தது. வயலுக்குத் தண்ணீர் திருப்ப வந்த ஒரு பெரியவர்தான் இடையில் புகுந்து இரண்டு பக்கத்தையும் அடக்கினார்.

அந்தப் பெரியவர் பிறகு என்னிடம் சொன்னார்: "அவனுவ வந்த உடனே போய்ப் பையச் சொல்லியிருக்கணும் மக்களே. ஒரு மணி நேரம் கழிச்சுச் சொன்னா அது சொல்றது இல்ல, சண்டை." எனக்கு அப்போது நாற்பது வயது, ஆனால் பிள்ளைகளைக் கூப்பிடுகிற அந்த "மக்களே" வந்த விதத்தில் கோபமெல்லாம் இறங்கிவிட்டது.

அன்றிலிருந்து நான் செய்வது இதுதான். யார் வந்தாலும் முதல் பத்து நிமிடத்துக்குள் எழுந்து அவர்கள் பக்கத்தில் நடந்து போய்விடுவேன். உட்கார்ந்த இடத்தில் இருந்து சத்தமாகச் சொல்வதே கிடையாது, ஏனென்றால் தூரத்தில் இருந்து எதைச் சொன்னாலும் அதட்டல் மாதிரித்தான் கேட்கும். போய் முதலில் மீனைப் பற்றித்தான் பேசுவேன். "தம்பி, எங்க இருந்து வாறீங்க? இந்தப் பக்கம் பாசி சாஸ்தி, அந்த மடைப்பக்கம் போட்டா கெளுத்தி கிடைக்கும்." என்னிடம் மண்புழு மிச்சம் இருந்தால் கொஞ்சம் கொடுப்பேன். அதற்குப் பிறகு: "மக்களே, பாட்டைக் கொஞ்சம் குறைச்சிருவோமா? நான் காலையில இருந்து காத்துக்கிட்டு இருக்கேன்." பத்தில் எட்டு தடவை உடனே குறைத்துவிடுகிறார்கள். சிலர் "சாரி அண்ணாச்சி, நீங்க இருக்கறதைப் பாக்கல" என்கிறார்கள், அது உண்மையும்கூட. ஆற்றோரம் கைதைச் செடிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவனை யார் கவனிக்கிறார்கள்?

இன்னொன்றும் உண்டு. "மீன் ஓடிரும்" என்று காரணம் சொல்லாதீர்கள். பேச்சுச் சத்தத்துக்கு மீன் ஓடாது என்று மேலே பார்த்தோம். அவர்களும் யூடியூபில் பார்த்திருப்பார்கள், விவாதம் கிளம்பும். "எனக்கு இடைஞ்சலா இருக்கு" என்று நேராகச் சொல்லுங்கள். அதை யாரும் மறுத்துப் பேச முடியாது.

நயமாகச் சொல்லியும் கேட்கவில்லை என்றால்?

இடத்தை மாற்றுங்கள். தோற்றுப்போன மாதிரி இருக்கும் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாம் அங்கே போனது மீனுக்காகவும் அந்த இரண்டு மணி நேர அமைதிக்காகவும்தான். இரண்டும் இல்லாத இடத்தில் வீம்புக்கு உட்கார்ந்திருந்து என்ன கிடைக்கப்போகிறது? நான் எங்கே போனாலும் இரண்டாவது இடம் ஒன்றை மனதில் வைத்துக்கொண்டுதான் போவேன். மறுகரை, அடுத்த மடை, இல்லை என்றால் ஒரு கிலோமீட்டர் தள்ளி சானல் பாலம்.

குடித்துவிட்டு ரகளை பண்ணுகிறார்கள் என்றால்?

போய்ப் பேசவே பேசாதீர்கள். நான் மேலே சொன்ன எதுவும் அங்கே வேலைக்கு ஆகாது. குடித்தவன் கையில் பாட்டில் இருக்கும், உங்கள் கையில் தூண்டில் முள் இருக்கும், சுற்றி ஆள் இருக்காது. சாமானைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். பொது இடத்தில் குடித்துவிட்டு நிற்பது தமிழ்நாட்டில் மதுவிலக்குச் சட்டப்படியே குற்றம், 112 அல்லது 100க்கு அழைத்துச் சொல்லலாம். அழைப்பதையும் அங்கிருந்து நகர்ந்த பிறகு செய்யுங்கள்.

தூண்டில் வளைவில் குடித்தவர்களைப் பார்த்தால் மட்டும் நான் கிளம்புவதற்கு முன் பக்கத்தில் இருக்கிற கடல்தொழில்காரர் யாரிடமாவது சொல்லிவிட்டுப் போவேன். அந்தக் கல்லுக்கு இடையில் ஆள் விழுந்தால் தூக்குவது லேசு இல்லை. பாசி பிடித்த கல், கீழே ஆழம், அலை உள்ளே இழுத்துக் கல்லில் அடிக்கும். மார்ச்சில் இருந்து மே வரைக்கும் கள்ளக்கடல் வேறு இருக்கிறது. இங்கே காற்றே இருக்காது, வானம் தெளிவாக இருக்கும், ஆனால் இந்தியப் பெருங்கடலின் தெற்கே எங்கோ அடித்த புயலில் கிளம்பிய அலை சொல்லாமல் வந்து ஏறும். கடல் நிலவரம் சொல்கிற மத்திய அரசின் இன்காய்ஸ் நிறுவனம் இதற்கு முன்கூட்டியே எச்சரிக்கை கொடுக்கிறது. எச்சரிக்கை இருக்கிற நாளில் நீங்களும் தூண்டில் வளைவுக்குப் போகாதீர்கள்.

எவ்வளவு தூரம் தள்ளி உட்கார வேண்டும்? கணக்கு இருக்கிறதா?

எழுதி வைத்த கணக்கு கிடையாது. கம்புத் தூண்டில் என்றால் இரண்டு கம்பும் நீட்டினால் முட்டக்கூடாது, அவ்வளவுதான். ரீல் ராட் வைத்து எறிகிறவர்கள் என்றால் குளத்தில் பதினைந்து, இருபது அடியாவது வேண்டும், ஏனென்றால் எறி எல்லோருக்கும் நேராகப் போகாது. லூர் என்கிற பொய் இரையைப் போட்டு விரால் தேடி நடக்கிறவர்கள் உட்கார்ந்திருப்பவரைச் சுற்றிக் கரைப்பக்கமாக, அவருக்குப் பின்னால் நடந்து போகவேண்டும். அவருக்கும் தண்ணீருக்கும் நடுவில் போகக்கூடாது. நான் இதில் கொஞ்சம் கறார்.

தூண்டில் வளைவில் இந்தக் கணக்கு நடக்காது, இடமே அவ்வளவுதான். அங்கே எல்லோரும் ஒரே திசையில், நேராக எறியவேண்டும். பக்கத்தில் இருப்பவர் எறியப்போகிறார் என்றால் ஒரு நொடி பொறுத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஆள் இருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டு எறியுங்கள். பின்வீச்சில் ஒரு பையனின் காது மடலில் முள் ஏறியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

என் நரம்பின் மேலே எறிந்து சிக்கலாக்கிவிட்டார். யார் அறுப்பது?

யாரும் உடனே அறுக்கவேண்டாம். முதலில் இரண்டு பேரும் சுற்றுவதை நிறுத்தவேண்டும். ஒருவர் மட்டும் நரம்பைத் தளர்வாக விட, மற்றவர் மெதுவாகச் சுற்றிக் கரைக்குக் கொண்டுவந்தால் பெரும்பாலும் ஐந்து நிமிடத்தில் பிரித்துவிடலாம். பிரியவில்லை என்றால் எறிந்து சிக்கவைத்தவர் தன் நரம்பை அறுப்பதுதான் முறை. அறுத்த துண்டைத் தண்ணீரில் விடாமல் பையில் போடுங்கள். சிக்கலைப் பிரிக்கிற அந்த ஐந்து நிமிடத்தில் நான் சிநேகம் பிடித்தவர்கள் மூன்று பேர், இன்றைக்கும் போன் பண்ணிக்கொள்கிறோம். சண்டை பிடித்திருந்தால் அவர்கள் முகமே ஞாபகம் இருந்திருக்காது.

ராத்திரி தூண்டில் போடும்போது டார்ச்சைத் தண்ணீரில் அடிக்கிறார்கள்.

இது அநேகமாகத் தெரியாமல் செய்வதுதான். ஹெட்லைட் மாட்டியவன் எங்கே பார்க்கிறானோ அங்கே வெளிச்சம் போகும், அவனுக்கு அது உறைக்காது. ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் ஹெட்லைட் போட்டு நடக்கிற ஊர் இது, வெளிச்சம் நமக்குப் புதிது இல்லை, ஆனால் மரத்துக்கு அடிப்பதும் அடுத்தவன் கண்ணில் அடிப்பதும் வேறு. "அண்ணே, லைட்டைக் கொஞ்சம் கீழ அடிங்க" என்றால் போதும். முள் கட்டும்போதும் இரை மாட்டும்போதும் தண்ணீருக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு வெளிச்சம் போடுகிற பழக்கத்தை நாமும் வைத்துக்கொள்ளவேண்டும். சிவப்பு வெளிச்சம் இருக்கிற ஹெட்லைட் வாங்கினால் கண்ணும் கூசாது.

நான் தினமும் உட்காருகிற இடத்தில் இன்னொருவர் உட்கார்ந்திருக்கிறார். எழும்பச் சொல்லலாமா?

கூடாது. முந்தி வந்தவருக்குத்தான் இடம். நாலு ராடைத் தாங்கியில் ஊன்றி வைத்துவிட்டு சாயா குடிக்கப் போய்விட்டு ஒரு மணி நேரம் கழித்து வந்து "இது என் இடம்" என்பதும் கூடாது.

கடல்தொழில் செய்கிறவர்கள் எங்களைத் திட்டுகிறார்கள். கடல் பொதுதானே?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களிடம் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. கடல் பொதுதான். ஆனால் தூண்டில் வளைவு எதற்குக் கட்டினார்கள்? கடல் அரித்து வீடு வீடாக எடுத்துக்கொண்டு போவதைத் தடுக்க, அந்த ஊர்க்காரர்கள் வருடக்கணக்கில் கேட்டுப் போராடி வாங்கியது. தூண்டில் முள் மாதிரி வளைந்து கிடப்பதால் அந்தப் பெயர், நாம் தூண்டில் போடுவதற்காக வைத்த பெயர் இல்லை. அந்த வளைவுக்குள்தான் வள்ளம் வந்து ஒதுங்கும். விடிய விடியக் கடலில் கிடந்துவிட்டு வருகிறவர் கரையேறுகிற வாயில், நாம் வரிசையாக நின்று குறுக்கே நரம்பைப் போட்டு வைத்திருந்தால், அது எஞ்சின் புரொப்பல்லரில் சுற்றும். சுற்றினால் எஞ்சின் நிற்கும், அலை வள்ளத்தைக் கல்லில் கொண்டுபோய் அடிக்கும். அவர் திட்டாமல் என்ன செய்வார்?

வள்ளம் வருகிறது என்று தெரிந்ததும் நரம்பைச் சுற்றிவிடுங்கள். வலை காயப்போட்ட இடத்தில் நடக்காதீர்கள், வலையில் நம் முள் மாட்டினால் இழுக்காதீர்கள், ஆளைக் கூப்பிடுங்கள். வலைக்குள் கிடக்கிற மீனை "ஒண்ணுதானே" என்று எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அது களவு.

நம் மாவட்டத்துக் கடலோர ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் தொழிலுக்குப் போகமாட்டார்கள். அன்றைக்கு வள்ளங்கள் கரையில் இருக்கும், சாயங்காலம் ஊர்ப் பிள்ளைகளும் குடும்பங்களும் காற்று வாங்க வருவார்கள். அப்போது எறிவதைக் குறைத்துக்கொள்ளுங்கள். தடைக்காலத்தையும் தெரிந்து வைத்திருங்கள். இரண்டு தடைக்காலமும் உள்ள மாவட்டம் இது. சின்னமுட்டம் இருக்கிற கிழக்குப் பக்கத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் இருக்கிற மேற்குப் பக்கத்தில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒவ்வொன்றும் 61 நாள். தடை விசைப்படகுகளுக்குத்தான், கரையில் நின்று தூண்டில் போடுகிறவர்களுக்கு இல்லை. ஆனால் அந்த இரண்டு மாதமும் வருமானம் இல்லாமல் வீட்டில் இருக்கிறவர்கள் முன்னால் ஸ்பீக்கர் வைத்து ஆடினால் அவர்களுக்கு எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

குளத்தில் குளிக்க வருகிறவர்கள் சத்தம் போடுகிறார்கள், தண்ணீரைக் கலக்குகிறார்கள்.

படித்துறை அவர்களுடையது. நாம்தான் தள்ளிப் போகவேண்டும். காலையிலும் சாயங்காலமும் பெண்கள் குளிக்கவும் துணி துவைக்கவும் வருகிற நேரத்தில், எதிர்க்கரையில் ஒரு ஆள் மணிக்கணக்கில் அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தால் அவர்களுக்கு எவ்வளவு இடைஞ்சல்? அவன் தக்கையைத்தான் பார்க்கிறான் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? படித்துறை கண்ணில் படாத இடமாகப் பார்த்து உட்காருங்கள். வீடியோ எடுக்கிறவர்களுக்கு இதை இரண்டு மடங்கு அழுத்திச் சொல்கிறேன். ஒருமுறை ஒரு அக்கா என்னிடம் வந்து, "தம்பி, நீ ஒண்ணும் பண்ணல, ஆனா பிள்ளைங்க குளிக்கணும், செத்த நேரம் அங்குட்டுப் போவியா?" என்று கேட்டார். அவர் கேட்கிற வரைக்கும் எனக்கே அது தோன்றாமல் போனது இன்றைக்கும் மனதில் உறுத்தல்தான்.

படியில் முள்ளை விட்டுவிட்டு வருவது அதைவிட மோசம். வெறுங்காலோடு இறங்குகிற இடம்.

எல்லாக் குளத்திலும் தூண்டில் போடலாமா? குத்தகைக்காரர் விரட்டுகிறார்.

பல குளங்களில் மீன்பிடி உரிமையை ஏலம் விடுவார்கள், மீன்பாசி ஏலம் என்று நோட்டீஸில் பார்த்திருப்பீர்கள். ஏலம் எடுத்தவர் குஞ்சு வாங்கி விட்டு வளர்க்கிறார், மீன் அவருடையது. அவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். சிலர் ஒரு தூண்டிலுக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு விடுகிறார்கள், சிலர் கூடாது என்பார்கள். இதில் கோபப்பட ஒன்றுமில்லை. பெரும்பாலான குத்தகைக்காரர்கள் விரட்டுவதற்குக் காரணமே முன்னால் வந்த கூட்டம் பண்ணிவிட்டுப் போன கூத்துதான்.

பேச்சிப்பாறை அணைக்கு மேலே, கோதையாறு பக்கமெல்லாம் காடு. 2008இல் கன்னியாகுமரி வன உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பகுதி அதில் வருகிறது. வனத்துறையிடம் கேட்காமல் உள்ளே போகவே கூடாது.

நரம்பு, குப்பை பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறீர்கள்? கேள்வி சத்தம் பற்றித்தானே?

சத்தம் போடுகிறவர் கிளம்பினால் சத்தமும் கூடவே போய்விடும். நரம்பு போகாது. சுசீந்திரம் தேரூர் குளங்களும் வேம்பனூர் குளமும் 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன, உலக அளவில் முக்கியமான நீர்நிலை என்று அர்த்தம். அக்டோபருக்குப் பிறகு எங்கெங்கிருந்தோ பறவைகள் வந்து இறங்குகிற குளங்கள். அந்தப் பக்கம் ஒரு தாமரைக் குளத்தில் ஒரு நீர்க்காகத்தைப் பார்த்தேன். அலகைச் சுற்றி நரம்பு, இறக்கையின் மூட்டில் இன்னொரு சுற்று, நரம்பின் மறுமுனை தாமரைத் தண்டில் மாட்டியிருந்தது. ஒவ்வொரு தடவை அடித்துப் பறக்கும்போதும் அது இன்னும் இறுகியது. துண்டால் தலையை மூடிப் பிடித்துக்கொண்டு நகவெட்டியால் ஒவ்வொரு சுற்றாக அறுத்தோம். கையில் அதன் நெஞ்சு படபடவென்று அடித்தது. விட்ட பிறகு பறக்கவில்லை, நீந்திப் போய் ஒரு கம்பில் ஏறி உட்கார்ந்து இறக்கையை விரித்தது. அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று நான் பார்க்கவில்லை, இருட்டிவிட்டது.

அதனால் அறுந்த நரம்பு யாருடையதாக இருந்தாலும் எடுத்துச் சுருட்டி, சின்னச் சின்னத் துண்டாக வெட்டிக் குப்பையில் போடுங்கள். முழுசாகப் போட்டால் குப்பை மேட்டிலும் காக்கா காலில் மாட்டும்.

சிவப்பாகக் குஞ்சுக் கூட்டம் மேலே வந்தால் அதைச் சுற்றி எல்லோரும் லூர் எறிகிறார்கள். சரியா?

சரியில்லை, எனக்கு இதில் இரண்டாவது பேச்சே கிடையாது. மழைக்காலத்தில் விரால் குஞ்சு பொரித்துவிட்டு, தாயும் தகப்பனும் காவல் நிற்கும். குஞ்சு சிவந்து, தண்ணீருக்கு மேல் கொதிக்கிற மாதிரி தெரியும். அதன் நடுவில் லூர் விழுந்தால் காவல் மீன் பசிக்கு அல்ல, கோபத்தில் கடிக்கும், அதனால்தான் சுலபமாக மாட்டுகிறது. அதைப் பிடித்துவிட்டால் அத்தனை குஞ்சும் சிலேபிக்கும் கொக்குக்கும் போய்விடும். பத்துப் பேர் சத்தம் போட்டு அதைச் சுற்றி நிற்கும்போது தடுப்பது கஷ்டம். நான் "அடுத்த வருஷம் நமக்கு வேணுமே மக்களே" என்று மட்டும் சொல்வேன். சிலர் கேட்கிறார்கள்.

தோட்டா போடுகிறவர்களைப் பார்த்தால்?

வெடி வைத்தும் விஷம் கலந்தும் மீன் பிடிப்பது 1897ஆம் வருட இந்திய மீன்வளச் சட்டத்திலேயே தடை செய்யப்பட்டது. கிட்டப் போகாதீர்கள், போன் எடுத்து வீடியோ பிடிக்காதீர்கள், விலகி வந்து போலீசுக்குச் சொல்லுங்கள். கடலோரம் என்றால் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093.

ஸ்பீக்கர் சத்தத்துக்குச் சட்டம் ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. 2000ஆம் வருட ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி 10 மணியில் இருந்து காலை 6 மணி வரைக்கும் பொது இடத்தில் ஒலிபெருக்கி வைக்கக்கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், ராத்திரி 45 டெசிபல் என்று வரம்பும் உண்டு. ஆனால் குளத்தங்கரைப் புளூடூத் ஸ்பீக்கருக்காகப் போலீசைக் கூப்பிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பக்கத்தில் வீடு இருந்து, ராத்திரி முழுக்க நடக்கிறது என்றால் கூப்பிடலாம். மற்றபடி வார்டு உறுப்பினரிடமோ ஊர்ப் பெரியவர்களிடமோ சொல்வது சீக்கிரம் வேலை செய்யும். அந்தப் பையன்கள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று அவர்களுக்குத் தெரியும்.

கூட்டமில்லாத நேரம், இடம் சொல்லுங்களேன்.

இடம் சொல்லமாட்டேன், சொன்னால் அதுவும் போய்விடும். நேரம் சொல்கிறேன். வாரநாள், விடியும் முன்னால். ஞாயிறும் பரீட்சை லீவும் வேண்டாம். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளை வழக்கமாக ஜூன் மாதம் கன்னிப்பூ நெல் சாகுபடிக்குத் திறப்பார்கள், தண்ணீர் சானல் வழியாகக் கடைமடைக் குளம் வரைக்கும் வரும். புதுத் தண்ணீர் ஏறுகிற அந்த வாரம் எல்லோரும் அணைப் பக்கம் போய்விடுவார்கள், கடைமடைக் குளத்தின் மடை வாயில் ஆளே இருக்காது. கெண்டை எதிரேறி வந்து நிற்பது அங்கேதான். சானலில் மட்டும் கவனம், தண்ணீர் மட்டம் சட்டென்று ஏறும், கரை வழுக்கும்.

என் கூட வருகிற நண்பனே சத்தம் போடுகிறான்.

அவனிடம் வண்டியில் போகும்போதே பேசிவிடுங்கள். கரையில் வைத்து நாலு பேர் முன்னால் சொன்னால் மானப் பிரச்சினை ஆகிவிடும்.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா? அவர்கள் சும்மா இருக்கமாட்டார்களே?

கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். என் அக்கா மகனை ஆறு வயதில் முதல்முறையாகக் கூட்டிப்போனேன். முதல் அரை மணி நேரத்தில் நாற்பது கேள்வி கேட்டான், இரண்டு கல் எறிந்தான். பக்கத்தில் ஒரு பெரியவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பையனை அதட்டப்போனேன். அவர் கையை அசைத்து வேண்டாம் என்றார், பையனைக் கூப்பிட்டு மடியில் இருத்தி, தன் கம்பை அவன் கையில் கொடுத்து, "தக்கை முங்குதான்னு மட்டும் பாரு, முங்கினா மாமாட்டச் சொல்லு" என்றார். அவன் வாயை மூடினான். அப்புறம் ஒரு மணி நேரம் கண் எடுக்கவில்லை. கடைசியில் ஒரு விரல் நீளத்தில் சிலேபி மாட்டியது. அதைத் தண்ணீரில் திருப்பி விடும்போது பையன் அவர் காதருகே குனிந்து, "பையப் பேசுங்க மாமா, அது பயந்துரும்" என்றான்.